இறப்பு விகிதமும் எமது விருப்பமும்

1946ஆம் ஆண்டில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். மறு ஆண்டில் அத்தொகை 14 ஆயிற்று. பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டவர் தொகை 141இலிருந்து 101க்கு இறங்கியது. அக்காலத்திலேதான் மலேரியாவை ஒழிக்கும் பொருட்டு வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு வந்தது. எனவே டி.டி.ரி.யே உயிர் காத்தது என்ற முடிவு உடனே பிறந்தது. அதன் தோளிலே ஏறி இன்னொரு முடிவும் வந்தது: ஏழை நாடுகளில் மரணத்தை மலிவாகத் தடுத்துவிட்டார்கள், இனிச் சனத்தொகை வெடிக்கும் என்பது. இலங்கை அதற்கு உலகறிந்த உதாரணமாயிற்று. ஏழையின் பிள்ளை பிழைத்தது ஒரு சிக்கலாக எண்ணப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் பனைகளின் நடுவே வாழும் எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே கதை விகிதமாகவும் வரைபடமாகவும் வரும்போது படித்தவர்களும் தலையசைத்து விடுகின்றனர்.

அதே காலத்தில் பிரித்தானியாவில் சயரோகத்துக்கு ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. அனைவர்க்கும் கொடுக்க மருந்து போதாதிருந்தது. எவர்க்கு மருந்து, எவர்க்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாது, தற்செயல் எண்களால் தீர்மானித்தனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளிவந்த அம்முடிவை நாம் நம்புவதற்குக் காரணம், மருந்து பெறாத அந்த 52 பேர் ஒப்பிட்டுப் பார்க்க இருந்தமையே.

1947இன் இலங்கையில் அந்த 52 பேரின் இடத்தில் யாரை வைப்பது? தெளிப்பு நடைபெறாத, மலேரியா குறைந்த பகுதிகளைத்தான். 1960இல் பிரெடரிக்சன் அப்பகுதிகளை நோக்கி, அங்கும் இறப்பு இறங்கியதே என்று கேட்டார். பீட்டர் நியூமன் 1965இல் மாவட்டங்களை மண்ணீரல் வீக்க விகிதப்படி அடுக்கி, மலேரியா மிகுந்த இடங்களிலேயே இறக்கமும் மிகுதி என்று காட்டினார். போருக்குப் பிந்திய இறக்கத்தில் 42 வீதம் மலேரியா ஒழிப்பால் வந்தது என்பது அவர் கணிப்பு. மீகம 1967இல் அதனை மறுத்தார். 1974இல் கிரே அதை 23 வீதமாகக் குறைத்தார். பதிவேடுகள் ஏறத்தாழ அவையே. அவற்றைக் கையாண்ட முறைகளும் எடுகோள்களும் வேறு.

யாழ்ப்பாணத்தை ஒப்பீட்டுப் பகுதியாகக் கொள்ளலாமே என்று எமக்குத் தோன்றும். குடாநாடு மலேரியா குறைந்த நிலம். ஆனால் அன்றைய யாழ்ப்பாண மாவட்டம் குடாநாடு மட்டுமன்று. ஆனையிறவுக்கு அப்பால் கரைச்சியும் இரணைமடுவும் பூநகரியும் அதனுள் அடங்கின. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இலேதான். மாவட்டச் சராசரி என்பது கிணற்றடித் தோட்டத்தையும் குளத்தடிக் காட்டையும் ஒரே பெயரால் அழைக்கும் எண். மேலும், முல்லைத்தீவிலே காய்ச்சல் பற்றிய ஒருவர் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து இறந்தால், இறப்பு இறந்த இடத்துக் கணக்கிலேதான் ஏறும். வன்னியில் நோய் குறைய யாழ்ப்பாணத்தின் விகிதமும் இறங்கும். மலேரியா இல்லாத இடத்தில் இறப்புக் குறைந்தது என்னும் வாதம் அந்த அளவுக்கு வலுவிழக்கிறது.

இதை நாமே சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. பிரெடரிக்சன் கட்சி எமக்கு இனிப்பானது. உணவும் பங்கீட்டு அரிசியும் ஆஸ்பத்திரியுமே உயிர் காத்தன என்றால் எமது அரசியலுக்கு அது துணை. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது, எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் சூரியமல் இயக்கத்தினரும் கிராமங்களில் கண்டது பட்டினியைத்தான். கொயினாவோடு பருப்பும் கொண்டுசென்ற பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். அந்த அனுபவம் உண்மை. ஆனால் பசித்த உடலை மலேரியா எளிதில் கொல்லும் என்பது ஒன்று. மலேரியாவைத் தடுத்ததால் பெரிதாக எதுவும் நேரவில்லை என்பது முற்றிலும் வேறொன்று. முன்னதை நிறுவிவிட்டுப் பின்னதையும் அதனோடு சேர்த்து விற்பது எதிர்த்தரப்பார் செய்ததற்குக் குறைந்த பிழையன்று. 42 வீதத்தைக் கேள்வி கேட்ட கடுமையோடு 23 வீதத்தையும் கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். 1968-69இல் நோய் மீண்டு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அப்போதும் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 8 அளவிலேயே நின்றது. இதோ, நோய் வந்தது, மரணம் வரவில்லை, உணவும் வைத்தியமுமே காத்தன என்று முழங்க நா துடிக்கும். ஆனால் அம்முறை பரவியது பெரும்பாலும் உயிர் கொல்லாத விவாக்ஸ் வகை. குளோரோகுயினும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1934ஐயும் 1968ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன், இரண்டு காய்ச்சலும் ஒரே காய்ச்சல்தானா என்று கேட்டாக வேண்டும்.