நெருப்பு கொடுக்கும் கை



நான் காசிக்குப் போய்வந்தது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "சாமிக்குக் காசியில் என்ன வேலை?" என்று அன்பியக் கூட்டத்திலேயே ஒரு பாட்டி கேட்டுவிட்டார். வேலை இருந்தது. குருமடத்தில் என்னோடு படித்தவர் ஒருவர் வாரணாசி மறைமாவட்டத்தில் பணியாற்றுகிறார். அவரைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் கங்கைக்கரைக்கும் போனேன். பிற சமயங்களை மரியாதையோடு அணுகுங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே நமக்குச் சொல்லிவிட்டது. அதனால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்க எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை.

விசுவநாதர் கோயிலைப் பற்றியும் மாலை ஆரத்தியைப் பற்றியும் கேட்க ஆசைப்படுகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் அறைப்பக்கம் வாருங்கள், நிறையச் சொல்கிறேன். இன்று கல்லறைத் திருநாள். ஆகவே பிணங்களை எரிக்கும் மணிகர்ணிகைப் படித்துறையைப் பற்றி மட்டும்.

தெற்கும் கிழக்குமாக ஓடிவரும் கங்கை, காசியில் வடக்கே திரும்புகிறது. அந்த வளைவின் மேற்குக் கரை நெடுக எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள். அவற்றில் இரண்டில் பிணங்களை எரிக்கிறார்கள்: மணிகர்ணிகை ஒன்று, அரிச்சந்திரன் பெயரில் இருப்பது இன்னொன்று. இரவு பகல் என்று கிடையாது. காசியில் செத்தால் முக்தி என்பது நம்பிக்கை. சாவதற்கென்றே வந்து தங்குகிறவர்களுக்கு அங்கே விடுதிகூட உண்டு. மணிகர்ணிகைக்குப் போகும் சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். லஸ்ஸி விற்கும் கடை, வளையல் கடை, குறுக்கே ஒரு மாடு. இதற்கிடையே மூங்கில் பாடையில் ஜரிகைத் துணி போர்த்திய உடல் வேகமாக வருகிறது. சுமப்பவர்கள் ராம நாமமே சத்தியம் என்று முழங்கிக்கொண்டு போகிறார்கள். கடைக்காரர் தயிர் கடைவதை நிறுத்துவதில்லை.

உடலைக் கங்கையில் ஒருமுறை முக்கி எடுத்து, நீர் வடியப் படியில் கிடத்துகிறார்கள். மேலே பெரிய தராசில் விறகு நிறுக்கிறார்கள். வசதிக்குத் தக்க விறகு. செத்த பிறகும் எடைக்கல் விடாது போலிருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நம்மிடம் சலவைக்கல் கல்லறையும் மண்மேடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது விறகுத் தராசைப் பார்த்து நான் பேச என்ன இருக்கிறது!

சிதை அடுக்கி முடிந்தது. மொட்டையடித்து வெள்ளை வேட்டி கட்டிய மகன் நெருப்பு வாங்கப் போனார். அங்கே தீப்பெட்டி உரசிக் கொள்ளி வைக்கிற வழக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அணையாமல் காத்துவருவதாகச் சொல்லப்படும் நெருப்பு ஒன்று இருக்கிறது. அதைக் காப்பவர்கள் டோம் சமூகத்தார். அரசராகட்டும், வேதம் ஓதும் அந்தணராகட்டும், கோடீஸ்வரராகட்டும், டோம் கையிலிருந்து நெருப்பு வாங்கித்தான் ஆக வேண்டும். காலங்காலமாகத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்களும் அவர்கள்தான்.

நான் படிக்கட்டின் ஓரத்தில் நின்றிருந்தேன். முகத்தில் துண்டைச் சுற்றிய ஓர் இளைஞர், புகையில் சிவந்த கண்களோடு, காய்ந்த புல்கட்டில் நெருப்பெடுத்து நீட்டினார். மகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தார். கையில் கொடுக்கவில்லை. படியில் வைத்தார். இளைஞர் குனிந்து எடுத்து, ஒருமுறை எண்ணி, மடித்துச் செருகிக்கொண்டு மூங்கில் கழியோடு அடுத்த சிதைக்குப் போனார். நெருப்பை வாங்க நீண்ட கை, பணத்தைக் கொடுக்க நீளவில்லை. அந்த மகனை நான் குறை சொல்லவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த மனிதர். பழக்கம் அவர் கையை நடத்தியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, தண்ணீர்க் குடத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி உடைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் படியேறிப் போனார்.

இதை வடக்கத்திய சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். காசி மயானத்தில் வெட்டியானாக நின்ற அரிச்சந்திரனின் கதை நம் கூத்து மேடைகளில் விடிய விடிய நடப்பது. பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனைத் தூக்கிவந்த தன் மனைவி சந்திரமதியிடம், சொந்தப் பிள்ளை என்று தெரிந்த பின்னும், முழத்துண்டும் கால் பணமும் கேட்டு நின்றவன் அவன். நம் வட மாவட்டங்களில் பல ஊர்களில் சுடுகாட்டு முகப்பில் அரிச்சந்திரன் கோயில் இருக்கும். பாடையை அங்கே இறக்கிவைப்பார்கள். வெட்டியான் அரிச்சந்திரன் பாட்டைப் பாடிய பிறகுதான் உள்ளே போகும். பாடுகிறவரை ராஜாவின் வாரிசு என்பார்கள். பாட்டு முடிந்ததும் அவர் தெருவுக்கு அவர் போய்விட வேண்டும்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். லூக்கா ஏழாம் அதிகாரம், நயின் ஊர். ஒரு கைம்பெண்ணின் ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு ஊர்வாயிலைத் தாண்டி வருகிறார்கள். இயேசு எதிரே வருகிறார். கிட்டப்போய்ப் பாடையைத் தொடுகிறார். சுமந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஏன் நின்றார்கள்? பிணத்தைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தீட்டு என்கிறது எண்ணிக்கை நூல் பத்தொன்பதாம் அதிகாரம். சாவு வீட்டோடு தொடர்பில்லாத ஒரு போதகர், தானாக வந்து கைவைக்கிறார். யோசித்துப் பாருங்கள்: பெத்தானியாவில் லாசரை எழுப்பக் கல்லறைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாரே, அது போதுமானதாக இருந்ததே! நயினிலும் அந்த இளைஞனை எழுப்பியது வார்த்தைதான். அப்படியானால் கை எதற்கு? உயிர் கொடுக்க அந்தத் தொடுதல் தேவைப்படவில்லை. தீட்டுக்குப் பயந்து எட்ட நின்றவர்களின் கண்ணுக்கு முன்னால், அந்தத் தாயின் பக்கத்தில் நிற்பதற்குத்தான் தேவைப்பட்டது என்றே நான் படிக்கிறேன்.

யோவான் நற்செய்தியில் இன்னும் கூர்மையாக ஒன்று இருக்கிறது. இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோனவர்கள் மாளிகைக்குள் நுழையவில்லை; தீட்டுப்பட்டால் பாஸ்கா உணவு உண்ண முடியாதே! ஒரு மனிதரைக் கொலைக்கு ஒப்புக்கொடுக்கும்போதும் ஆசாரம் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமும் வருகிறார்கள். யோசேப்பு செல்வர், நிக்கதேம் யூதத் தலைவர். சிலுவையிலிருந்து இறக்கிய உடலைத் தங்கள் கையால் எடுத்து, நறுமணப் பொருள்களோடு துணியில் சுற்றி அடக்கம் செய்கிறார்கள். அன்றிரவு அவர்களுடைய பாஸ்கா போனது போனதுதான். நம் ஆண்டவருக்கு வெட்டியான் வேலை பார்த்தவர்கள் இவர்கள் இருவரும்.

இனி நம் கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். தமிழகத்தில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே சாதிச் சுவர் எழுந்த கதை பத்திரிகைகளில் வந்ததுதான். நம்மிடம் சுவர் இல்லை என்று பெருமைப்படுகிறோம். வேப்பமரம் இருக்கிறது. மரம் வரைக்கும் ஒரு சாரார், மரத்துக்கு அப்பால் இன்னொரு சாரார். இந்தக் கோட்டைப் போட்டவர் யார் என்று பங்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. ஆனால் திருமுழுக்கு வாங்கிய குழந்தை நடை பழகுவதற்குள் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

"தோட்டத்தில் இடமில்லை சாமி, நாமும் எரிக்கலாமா?" என்று அண்மையில் பலர் கேட்கிறீர்கள். எரிக்கலாம். உயிர்ப்பை மறுத்து அதைச் செய்யாதவரை தடையில்லை என்று 1963இலேயே திருச்சபை சொல்லிவிட்டது. சாம்பலை ஆற்றிலோ கடலிலோ தூவக்கூடாது, பொதுவாக வீட்டிலும் வைத்துக்கொள்ளக்கூடாது, புனிதமான ஓர் இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று 2016இல் மறுபடி தெளிவுபடுத்தியது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் இடமில்லை என்கிறீர்களே, வேப்பமரத்துக்கு அப்பால் அரை ஏக்கருக்குக் குறையாமல் காலியாகக் கிடப்பது ஒருவர் கண்ணிலுமா படவில்லை?

இன்று மாலை நாலரை மணிக்குக் கல்லறை மந்திரிப்பு. வழக்கமாகப் பெரிய சிலுவையில் தொடங்கி, குருக்கள் கல்லறை, பிறகு சலவைக்கல் வரிசை என்று போவோம். வேப்பமரத்தை எட்டுவதற்குள் இருட்டிவிடும், பீடச் சிறுவர்கள் கொசுவுக்குக் காலைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள், கடைசி வரிசைகளுக்குத் தீர்த்தம் தூரத்திலிருந்துதான் தெளிக்கப்படும். இந்த ஆண்டு மரத்துக்கு அப்பால் இருக்கும் கடைசி வரிசையில் தொடங்குகிறோம். நமக்குக் குழி வெட்டும் அண்ணன் தீர்த்தப் பாத்திரத்தை ஏந்தி என்னோடு முன்னால் வருவார். பங்குப்பேரவையில் இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். முடிவில் மாற்றமில்லை.

இன்னொன்று. குழிக்கூலியைத் துக்க வீட்டு வாசலில் நின்று பேரம் பேசுவது இன்றோடு நிற்கட்டும். பங்கு அலுவலகத்தில் கட்டிவிடுங்கள், நான் அவர் கையில் கொடுக்கிறேன். நீங்களே கொடுக்க விரும்பினால் மிகவும் நல்லது, கையில் கொடுங்கள். மெழுகுவர்த்தி வாங்கும்போது உங்கள் வீட்டுக் கல்லறைக்கு மட்டும் கணக்குப் போடாமல் கூட ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள். மரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஆளில்லாத கல்லறைகள் நிறைய உண்டு.

மன்றாட்டுகளுக்காக எழுந்து நிற்போம்.