முருகனோட மெர்ஜ் ஆகுறதுன்னா என்ன?



"முருகனோட இரண்டறக் கலக்கணும்"னு பெரியவங்க சொல்றப்போ, நம்மில் பல பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் வரும். 'அப்போ நான் காணாமப் போயிடுவேனா? என் படிப்பு, வேலை, ஆசை எல்லாம் என்ன ஆகும்?' நியாயமான கேள்விதான். இன்று அதைச் சிந்திப்போம்.

முதலில் ரோட்டைப் பாருங்க. சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலைக்குள் நுழையும் வண்டி என்ன செய்யணும்? இண்டிகேட்டர் போடணும். கண்ணாடியில் பார்க்கணும். அங்கே ஓடுகிற வேகத்துக்குத் தன் வேகத்தைச் சரிசெய்து, இடைவெளி பார்த்து உள்ளே போகணும். முட்டி மோதி நுழைந்தாலும் ஆபத்து, பயந்து பாதியில் நின்றாலும் ஆபத்து. சேர்ந்த பிறகு வண்டி காணாமல் போகுதா? இல்லையே! அதே வண்டிதான், பெரிய பாதையில் ஓடுது.

அடுத்து, கோடிங் தெரிந்தவர்களுக்கு கிட் தெரியும். இரண்டு பேர் தனித்தனிக் கிளையில் எழுதியதை மெர்ஜ் பண்றோம். வேற வேற இடத்தில் மாற்றியிருந்தால் தானாகவே சேர்ந்துவிடும். ஒரே வரியை இரண்டு பேரும் வேற மாதிரி மாற்றியிருந்தால் கான்ஃபிளிக்ட் வரும். அப்போ கிட் தானாக முடிவெடுக்காது. இரண்டையும் காட்டிவிட்டு நிற்கும். உட்கார்ந்து படித்து நாமதான் தீர்க்கணும்.

நமக்கும் முருகனுக்கும் மோதல் வருவது எந்த வரியில்? 'நான்' என்ற அந்த ஒரே வரியில்தான்! "நான் நினைச்ச வேலை, நான் நினைச்ச தேதியில், நான் நினைச்ச மாதிரி" என்று நாம் எழுதி வைத்திருக்கோம். அவன் அதே வரியில் வேற எழுதியிருக்கான்.

சூரபத்மனுக்கும் அதே வரிதான் பிரச்சினை. கடைசியில் மாமரமாகி நின்றான். வேல் அதை இரண்டாகப் பிளந்தது. அழிந்தானா? ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் வாகனமாச்சு, சேவல் கொடியாச்சு. போனது ஆணவம் மட்டும்தான். இன்றைக்கும் முருகனைக் கும்பிடுற ஒவ்வொருத்தரும் அந்த மயிலையும் சேர்த்துத்தான் கும்பிடுறோம். எதிரிக்கே அந்த இடம் என்றால், அன்பா வருகிற பிள்ளையை அவன் காணாமல் போக விடுவானா?

நம்ம தமிழையும் கவனிங்க. விசேஷத்துக்கு வரச் சொல்லும்போது "வந்து கலந்துக்கோங்க" என்கிறோம். முடிவெடுக்கும் முன்னால் "கலந்து பேசுங்க" என்கிறோம். வந்து நின்றால் மட்டும் போதாது, மனசும் சேரணும். தரிசன வரிசையில் உடம்பு நிற்குது, மனசு போனில் ரீல்ஸ் பார்க்குது என்றால், கோயிலுக்கு வந்தோமே தவிர கலந்துக்கலை.

பழனி பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை எல்லாம் கலந்திருக்கு. ஆனாலும் வாயில் போட்டால் ஏலக்காய் மணம் தனியாத் தெரியுதே! கலப்பு என்பது அதுதான்.

இன்று ராத்திரி தூங்கும் முன்னால் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்க. மேலே 'எனக்கு வேண்டியது'. கீழே 'இப்போ நடப்பது'. இரண்டையும் அவன் முன்னால் வைத்து, "முருகா, எதை வைக்கட்டும், எதை விடட்டும்?" என்று கேளுங்க. பதில் உடனே வரலைன்னாலும் பரவாயில்லை. இண்டிகேட்டர் போட்டாச்சு, அவன் வழி விடுவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!