மூடித் தைத்தது

சுங்கை பட்டாணியில் அத்தை வீட்டு அலமாரியை ஒதுக்கியபோது பாட்டியின் போர்வை கிடைத்தது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுச் செய்தது. தோட்டத்து லயத்தில் மழைக்கால விடியலில் அப்பாவும் அத்தையும் இதற்குள்தான் சுருண்டு கிடந்திருக்கிறார்கள். வங்காளத்தில் இந்த மாதிரிப் போர்வையைக் காந்தா என்கிறார்கள், வட கர்நாடகத்தில் கௌதி. எங்கள் வீட்டில் வெறும் ‘பாட்டி போர்வை’. நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. ஓரத்தை எலி கடித்திருந்தது. சரிசெய்து வைக்கலாம் என்று எடுத்து வந்தேன்.

எப்படிச் சரிசெய்வது என்று தேடிப் படித்ததில்தான் குழப்பம் தொடங்கியது. நினைவுச்சின்னங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், இல்லாமல் போன பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பது மொத்தத்தோடு பொருந்த வேண்டும், ஆனால் பழசு எது புதுசு எது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்கிறது. இதற்கு உதாரணம் எங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பகாட் சண்டியை 1960 வாக்கில் ஆலஸ்டர் லாம்ப் மீட்டுக் கட்டினார். கல் இருந்தவரை எழுப்பப்பட்டது. மக்கிப்போன மரத்தூணையும் கூரையையும் யாரும் ஊகித்து வைக்கவில்லை. தூண் நின்ற கல் மட்டும் இருக்கிறது.

நம் கோயில்களில் வழக்கம் நேர் எதிர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம். பழைய சுதைமேல் புதுச் சாயம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போன சாயத்துக்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. அம்மன் அங்கே குடியிருக்கிறாள், வீடு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புழக்கத்தில் உள்ள பொருளுக்கு ஒரு நியாயம், புழக்கம் நின்ற பொருளுக்கு வேறு நியாயம் போலிருக்கிறது. பாட்டி போர்வையை இப்போது யாரும் போர்த்துவதில்லை. ஆகவே அது சண்டி மாதிரி என்று முடிவு செய்தேன்.

கிழிசலைச் சுற்றித் தையலைப் பிரித்தபோது சேலைகளுக்கு நடுவே கோணி இருந்தது. கனத்துக்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அதன் ஒரு விளிம்பு மட்டும் மடித்து, குழாய்போலத் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே கயிறு ஓடிய தடம். போர்வைக்குள் வைக்கும் சாக்கில் நாடா கோர்க்க எதற்கு இடம்?

படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். “அது அம்மா கட்டியிருந்தது” என்றார்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவுக்குத் துணி வருவது நின்றுபோனதும், சனங்கள் கோணியைக் கட்டிக்கொண்டு திரிந்ததும் எனக்குத் தெரியும். 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப்போனதை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாகவே எழுதியிருக்கிறார்கள். பாட்டியின் அண்ணனும் அப்படிப் போய்த் திரும்பாதவர்தான். ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பாட்டியின் இடுப்பளவு கையில் கிடப்பது வேறு.

அந்த இடத்தை மூடாமல் மெல்லிய வலைத்துணி போட்டு வைக்கப்போகிறேன், எல்லாரும் பார்க்கட்டும் என்றேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாரும் பாக்கக்கூடாதுன்னுதான் அதுக்கு மேலயும் கீழயும் சேலய வச்சுத் தச்சா. நீ அத தொறந்து காட்டப்போறேங்கிற. உங்கப்பனுக்கே தெரியாது அது.”

என்னிடமும் பதில் இருந்தது. காட்டாதது அழிந்துபோகும். 2013இல் அதே பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டியை வீடமைப்புக்காக இடித்தபோது, அப்படியொன்று இருந்ததே பலருக்கு இடித்த பிறகுதான் தெரிந்தது. பாட்டியின் கோணி மலாயாத் தமிழர் வரலாற்றுக்குச் சாட்சி. இதையெல்லாம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. வட ஜப்பானின் ஏழைக் குடியானவர்கள் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு உடுத்திய கந்தல் நினைவுக்கு வந்தது. போரோ என்பார்கள். உடுத்தியவர்களுக்கு அது வெட்கம். இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. அதன் அழகை வியந்து நானே படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல துணி இருந்தால் அவர்கள் அதை உடுத்தியே இருக்கமாட்டார்கள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

செத்துப்போனவருக்கு வெட்கம் உண்டா? தர்க்கப்படி இல்லை. ஆனால் பாட்டி அதைத் தூக்கி எறியவும் இல்லை, எரிக்கவும் இல்லை. பிள்ளைகளுக்குச் சூடு கிடைக்கும்படி, கண்ணில் படாதபடி உள்ளே வைத்தார். அதுதான் அவர் எடுத்த முடிவு. கிழிந்தது துணி மட்டுமல்ல, அந்த முடிவும்தான். அப்படியென்றால் சரிசெய்வது என்பது எதைச் சரிசெய்வது?

அத்தையின் பழைய நூல்சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி மூடித் தைத்தேன். வேறு நிற நூல், தளர்ந்த தையல். யாராவது பிரிக்க நினைத்தால் கோணிக்குச் சேதம் வராது. வெனிஸ் சாசனத்துக்கு என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். பாட்டியின் தையல் எறும்பு வரிசைபோல இருக்கிறது, என்னுடையது கோணல். அத்தை தடவிப் பார்த்துவிட்டு, “கிழவி பாத்தா சிரிப்பா” என்றார்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஜப்பான்காரன் பண்ணத எழுது. அம்மா கட்டியிருந்தத எதுக்கு எழுதணும்?”

இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. பாட்டியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மட்டும் விட்டுவிட்டேன். தைத்து மூடியதை இங்கே நானே பிரித்திருக்கிறேன் என்பதும் தெரிகிறது. போர்வை திரும்பவும் அத்தையின் அலமாரிக்குப் போய்விட்டது.