தன் முயற்சியும் பிறர் கரமும்

மனிதன் தன் நலத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டியவனா, அன்றிப் பிறர் கையினால் பெற வேண்டியவனா? இவ்வினா பழமையானது. யோகம், உடற்பிடிப்பு என்னும் இரு கலைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது இதற்கு ஒரு புதுக்கூர்மை வந்துவிடுகிறது. இரண்டும் உடலைக் கருவியாகக் கொண்டு உள்ளத்தைத் தொடுவன. இரண்டும் நோய்க்கு மருந்தாகவும் நலத்துக்குக் காப்பாகவும் போற்றப்பட்டு வந்தவை. எனினும், யோகம் பயிற்றுவோரை நாம் ஆசான் என்று வணங்குகிறோம்; எண்ணெய் தேய்த்து உடல் பிடித்துவிடுவோருக்குக் கூலி கொடுத்து, அவர் பெயரைக் கூடக் கேளாமல் அனுப்பிவிடுகிறோம். இவ்வேற்றுமை அறத்திற்கு ஒத்ததுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்குச் சாங்வி பொருத்தமான ஓர் இடம் எனலாம். முளா ஆற்றுக்கும் பவனா ஆற்றுக்கும் இடையே சிற்றூராய் இருந்து, இன்று பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதியாய் விளங்கும் இவ்வூரைச் சுற்றிலும் உழைப்பின் ஓசை கேட்கிறது. ஒருபுறம் கட்கியின் படைத்துறைத் தொழிற்சாலைகள். ஒருபுறம் பிம்ப்ரியின் ஆலைகள். ஒருபுறம் ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்கள். பொறியின் முன் நின்று கால் கடுத்தவரும், திரையின் முன் அமர்ந்து கழுத்து இறுகியவரும் இங்கு அண்டை வீட்டார். அதே வேளையில், இந்நாட்டு யோக மறுமலர்ச்சியின் இரு பெரும் நிலையங்கள் இவ்வூருக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. சிவாஜிநகர் மாடல் காலனியில் இருப்பது ஐயங்கார் அவர்களின் யோக நிலையம். புனேயிலிருந்து மின்தொடர் வண்டி சென்று சேரும் லோனாவாலாவில் இருப்பது, சுவாமி குவலயானந்தர் 1924-ஆம் ஆண்டு நிறுவிய கைவல்யதாமம்.

பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்காரின் வாழ்வு நம் வினாவுக்கு ஒரு விடையையே ஏந்தி நிற்கிறது. 1918-ஆம் ஆண்டு, பெருங்காய்ச்சல் நாடெங்கும் பரவியிருந்த காலத்தில், கருநாடகப் பெல்லூரில் நலிந்த குழந்தையாகப் பிறந்தவர் அவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வந்த பிணிகள் அவருடைய இளமையைச் சூறையாடின. மைசூரில் தம் தமக்கையின் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியரிடம் யோகம் பயின்று, 1937-இல் பதினெட்டு வயது இளைஞராய்ப் புனேக்குப் பயிற்றுவிக்க வந்தார். 1952-இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அவரைச் சந்தித்த பிறகே உலகம் அவரை அறியலாயிற்று. 1966-இல் அவருடைய பெருநூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1973-இல் மறைந்த தம் மனைவி இராமாமணியின் பெயரால் 1975-இல் தம் நிலையத்தைத் திறந்தார். 2014-இல், தொண்ணூற்றைந்து வயது நிறைந்தவராய், புனேயிலேயே மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வலிமை உடையவர்க்கே யோகம் என்னும் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. மரக்கட்டை, வார்ப்பட்டை, கயிறு, போர்வை, நாற்காலி முதலிய எளிய துணைப்பொருள்களைக் கொண்டு, முதியவரும் நோயுற்றவரும் ஆசனங்களில் நிலைக்க வழிகண்டார். குனிந்து தரையைத் தொட இயலாதவரின் கைக்கு ஒரு மரக்கட்டை தாங்கலாகிறது. அம்மரக்கட்டை யாது? ஆசிரியரின் கை செய்ய வேண்டிய உதவியை மரம் ஏற்றுச் செய்வதன்றோ! தன் முயற்சியே வடிவானது என்று நாம் நினைக்கும் யோகத்தின் உள்ளேயும் பிறர் கரம் ஒன்று மறைந்து நிற்பதை இதனால் உணர்கிறோம்.

யோகத்தின் உடற்பயன்களை இன்று எவரும் மறுப்பதில்லை. கைவல்யதாமத்தில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் கருவிகளால் அளந்து ஆராயப்பட்டன. மந்திரம் ஓதுதலும் செபமாலை உருட்டுதலும் மூச்சை நிமிடத்திற்கு ஆறு என்னும் அளவுக்குத் தணித்து, இதயத்தின் சீரமைப்பை மேம்படுத்துகின்றன என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினர். நாட்பட்ட இடுப்புவலிக்கு மருந்தை நாடுமுன் யோகம் முதலிய பயிற்சிகளையும், புதிதாய்த் தோன்றிய வலிக்கு வெப்ப ஒத்தடம், உடற்பிடிப்பு முதலியவற்றையும் கருதலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் நெறிமுறை வகுத்தது. மேலை மருத்துவம் இரு கலைகளையும் ஒரே ஏட்டில் அமர்த்திவிட்டது. நம் சமுதாயந்தான் இன்னும் ஒன்றைத் திண்ணையிலும் மற்றொன்றைத் தெருவிலும் நிறுத்தியிருக்கிறது.

உடற்பிடிப்பு எளிய கலையன்று. சித்த மருத்துவம் அதனைத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்துள்ளது. வாதமிகுதியால் வரும் வலிகட்கு அதனை ஒரு சிகிச்சை முறையாகவே கொண்டது. தீபாவளி விடியலில் நாம் நல்லெண்ணெய் தேய்த்து நீராடும் அதே வேளையில், சாங்வியில் நம் அண்டை வீட்டு மராத்தியரும் எண்ணெய் பூசி, உட்டணே என்னும் நறுமணப் பொடி தேய்த்து, அப்யங்க நீராடல் செய்கின்றனர். மொழியால் வேறுபட்ட இரு குடும்பங்களை ஒரு கிண்ணம் எண்ணெய் அன்று காலை உறவாக்கிவிடுகிறது.

தீண்டுதலில் ஊட்டமும் உண்டு. குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, பதினைந்து நிமிட அளவு மெல்லத் தேய்த்து அசைத்துவிட்டபோது, அவை மற்றக் குழந்தைகளைவிட நாளொன்றுக்கு நூற்றுக்கு 47 பங்கு மிகுதியாக எடை கூடின என்று டிஃபனி ஃபீல்டு என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1986-இல் வெளியிட்டனர். மெதுவாக, நொடிக்கு ஒன்று முதல் பத்துச் செண்டிமீட்டர் விரைவில் தடவும் கையைத் தனியே உணர்ந்து இன்பமாக மூளைக்கு அறிவிக்கும் நரம்பிழைகள் மனிதத் தோலில் உள்ளன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்த நம் பாட்டிமார் எந்த அளவுகோலும் இன்றியே அந்த விரைவை அறிந்திருந்தனர்.

இவ்வளவு பயனுடைய கலையை நாம் எவர் கையில் ஒப்படைத்திருந்தோம்? ஒப்படைத்தபின் அவரை எவ்வாறு நடத்தினோம்? தமிழகத்தில் முடிதிருத்தும் தொழிலுடைய குலத்தாரே பல ஊர்களில் மருத்துவமும் செய்தனர். மருத்துவர் என்னும் பெயரே அவர்க்கு இருந்தது. அக்குலத்துப் பெண்டிர் மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். இறப்பு வீட்டுச் சடங்குகளிலும் அவர்க்குப் பணி இருந்தது. மராட்டியத்திலோ, ஊருக்கு உழைத்துத் தானியப் பங்கு பெற்ற பன்னிரு பலுத்தேதாரருள் ஒருவரான நாவியே மழிப்பதும் உடம்பு பிடிப்பதும் செய்துவந்தார். நாம் உலகில் வரும்போது ஏந்திய கையும், உலகை விட்டுப் போகும்போது கடமை ஆற்றிய கையும் அவர்களுடையவை. அந்தக் கையையே இழிந்ததென்று தள்ளிவைத்தோம். வலி வந்தால் தொட வேண்டும், வலி போனால் தீட்டு என்னும் இவ்வழக்கத்தைவிடப் பெரிய நன்றிகொன்ற செயல் எது?

பிற நாட்டார் இதில் வேறு வழி கண்டதும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் சுகியாமா வாய்ச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர், பார்வையற்றோர்க்கு ஊசி மருத்துவமும் உடற்பிடிப்பும் கற்பிக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். கண் இழந்தவரின் விரல் நுட்பத்தை மதிப்புமிக்க ஒரு தொழிலாக்கிய ஏற்பாடு அது.

இங்கே இரு மறுப்புகள் எழும். முதலாவது, யோகம் ஒழுக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. உடற்பிடிப்போ வெறும் கைத்தொழில். இரண்டையும் ஒப்பிடுவது எப்படி என்பது. பதஞ்சலியார் வகுத்த எட்டு உறுப்புகளுள் ஆசனம் மூன்றாவதுதான். அதற்கு முன்னே இயமமும் நியமமும் நிற்கின்றன. இயமத்தின் தொடக்கமே கொல்லாமை. திருமூலரும் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தபோது இவ்வரிசையையே போற்றினார். இது முற்றும் உண்மை. ஆயினும், இந்த அளவுகோலைக் கொண்டே மற்றொன்றையும் அளந்து பாருங்கள். வலி உள்ள இடத்தை வலிக்காமல் தொடுபவன் கொல்லாமையை விரல்நுனியில் பயில்கிறான். தன் எண்ணத்தை அலையவிடாமல், பிறன் மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு தன் கையை இசைப்பவன் ஒருமுகப்பாட்டைப் பயில்கிறான். ஒழுக்கமின்றி ஆசனம் மட்டும் பயில்பவனே வெறும் கைத்தொழிலாளன். ஒழுக்கத்தோடு எண்ணெய்க் கிண்ணம் ஏந்துபவன் யோகத்தின் வாயிலில் நிற்பவன்.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. யோகம் மனிதனைத் தன் காலில் நிற்கச் செய்கிறது. உடற்பிடிப்போ அவனைப் பிறரைச் சார்ந்தவனாக்குகிறது. விடுதலையே நோக்கமாயின் முன்னதே சிறந்தது என்பர். இதில் ஒரு பாதியே உண்மை. ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடிய பயிற்சியைச் சோம்பலால் கைவிட்டு, பிறர் உழைப்பில் சுகம் தேடுவாராயின் அது நலமன்று. ஆனால் எவரையும் சாராத வாழ்வு என ஒன்று மனிதர்க்கு வாய்த்ததுண்டா? பிறர் கையில் பிறந்து, பிறர் கையால் இறுதி நீராட்டுப் பெறுபவர்கள் நாம். இடைப்பட்ட சில ஆண்டுகளின் வலிமையைக் கொண்டு இவ்வுண்மையை மறப்பது அறியாமையாகும். தன்னால் இயன்றதைச் செய்யும் உறுதியை யோகம் தருகிறது. தன்னால் இயலாததைப் பணிவோடு ஏற்கும் பக்குவத்தைப் பிறர் கரம் தருகிறது. உறுதியும் பணிவும் சேர்ந்தபோதே நான் என்னும் முனைப்பு தளர்கிறது. ஆன்மிகப் பயன் என்று நாம் கூறுவது இதனையே.

தொடும் கையை எல்லாம் கண்மூடி வணங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பெயர்பெற்ற யோகாசிரியர் சிலர்மீதே, மாணவரை முறையின்றித் தொட்டனர் என்னும் குற்றச்சாட்டுகள் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ளன. தொடப்படுபவரின் இசைவைக் கேட்டபின் நீளும் கையே மருந்துக் கை. கேளாமல் நீளும் கை, எத்துணைப் புகழ் உடையதாயினும், இயமத்தின் முதற்படியிலேயே வழுக்கி விழுந்த கை. மருத்துவனின் இடத்தைத் தேய்ப்பவன் பறித்துக்கொள்வதும் ஆகாது. எலும்பு முறிந்த இடத்தையோ, குருதி உறைந்து வீங்கிய காலையோ அழுத்திப் பிடிப்பது உயிருக்கே ஊறு செய்யும்.

இனி, நம் வீடுகளை நோக்குவோம். மகனோடும் மகளோடும் வாழத் தமிழகத்திலிருந்து சாங்வி போன்ற புறநகர்களுக்கு வந்து சேரும் முதியவர்கள் பலர். கடைவீதியில் பேச மொழி இல்லை. மாடியிலிருந்து இறங்க முழங்காலில் வலு இல்லை. வேளைக்கு உணவும் மாத்திரையும் தவறாமல் கிடைக்கின்றன. ஆனால் நாட்கணக்கில், வாரக்கணக்கில், அவர்களை எவரும் தொடுவதில்லை. பேரன் தூர நின்று கையசைத்துப் பள்ளிக்குச் செல்கிறான். மகன் இரவில் வந்து நலம் கேட்டுக் கதவை மூடிக்கொள்கிறான். ஊரில் அயலகத்தார் வாசலில் அமர்ந்து தோளைத் தொட்டுப் பேசிய பேச்சு இங்கு இல்லை. இப்பசிக்கு மாத்திரை கிடையாது. அதே வீட்டில் விடியற்காலையில் யோக விரிப்பை விரித்துத் தன் முதுகை நேராக்கிக்கொள்ளும் மகன், பத்து நிமிடம் எண்ணெய் காய்ச்சித் தாயின் பாதத்தில் தேய்ப்பானாயின், அவனுடைய யோகம் அன்றுதான் ஆசனத்திலிருந்து இயமத்துக்கு ஏறும்.

நேரமில்லை, ஆகவே கூலிக்கு ஆள் அமர்த்துகிறோம் என்பார் உளர். அதிலும் இழிவில்லை. கூலி கொடுப்பதால் தொண்டு தாழ்ந்துவிடாது. கூலியோடு இகழ்ச்சியையும் சேர்த்துக் கொடுப்பதால்தான் தாழ்கிறது. வருபவர்க்கு அமர நாற்காலியும், குடிக்க நீரும், அழைக்க ஒரு பெயரும் கொடுப்போம். அவர் கற்றதைக் கலை என்று மதித்து, உரிய ஊதியத்தைக் கேளாமுன் கொடுப்போம்.

ஐக்கிய நாடுகள் அவை 2014-ஆம் ஆண்டு திசம்பர் 11-ஆம் நாள், சூன் 21-ஐ உலக யோக நாளாக அறிவித்தது. அந்நாளில் திடல்தோறும் மக்கள் கூடி ஒருங்கே கை உயர்த்துவதைக் காண்பது மகிழ்ச்சியே. எண்ணெய்க் கிண்ணம் ஏந்திய கைக்கு அத்தகைய மேடை வாய்க்கவில்லை. அக்கை அதனை எதிர்பார்ப்பதும் இல்லை. உயர்ந்த கைகள் தாழ்ந்தபின் அவை எவரைத் தொடுகின்றன, எவரைத் தொட மறுக்கின்றன என்பதைக் கொண்டே நம் யோகத்தின் அளவை வருங்காலம் கணிக்கும். தன் உடலைப் பேணும் கலையைத் தமிழர் முன்னமே கற்றோம். பேணுவோரைப் பேணும் கலையையும் இனியேனும் கற்போமாக.