ஏரிக்கு என்ன விலை?

ஒரு பொருளின் விலையைக் கேட்பதில் குற்றம் இல்லை. வாங்கிவிடுவதற்காகக் கேட்கிறோமா, இழந்தால் எவ்வளவு போகும் என்று அறிவதற்காகக் கேட்கிறோமா என்பதைப் பொறுத்தே அதில் அறமும் அறமின்மையும் உண்டாகின்றன.

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று இன்று ஆலைகள் நிறைந்திருக்கும் இந்தப் பகுதி பழைய செங்கற்பட்டுச் சீமை, ஏரிகளின் சீமை. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரியை நிறைக்கும். அந்தத் தொடரில் ஓர் இடத்தைத் தூர்த்து ஆலை எழுப்பலாமா என்று ஆராய்கிறவர்களின் தாளில் முதலீட்டுக்கும் வேலைக்கும் வரிக்கும் எண் உண்டு. ஏரிக்கு எண் இல்லை. எண் இல்லாததைப் பூஜ்யம் என்று கொள்வதுதானே கணக்கின் வழக்கம்?

இந்தக் குறையைப் போக்கவே இயற்கையின் ஊழியங்களை மதிப்பிடும் முறை பிறந்தது. 2005-இல் ஐக்கிய நாடுகள் சபையின் முயற்சியால் வெளிவந்த மதிப்பீடு அவற்றை நான்காகப் பகுத்தது: பொருள் தருவது, வெள்ளத்தையும் வெப்பத்தையும் அடக்குவது, மனத்துக்கு நிறைவளிப்பது, இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக நிற்பது. ஏரியில் நெல்லும் மீனும் கண்ணுக்குத் தெரியும் வரவு. கிணற்றில் ஊறும் நீரும் ஏரி தாங்கிக்கொள்ளும் வெள்ளமும் தெரியாத வரவு. நீர் நிற்க இடமில்லை என்றால் அது வீட்டுக்குள் வந்து நிற்கும் என்பதை அடையாறு பெருகிய 2015 டிசம்பரில் சென்னை கண்டுகொண்டது.

"விலை எழுதிவிட்டால் வாங்க ஆள் வந்துவிடுவானே! ஆலையின் எண் பெரிதாக இருந்தால் ஏரி நியாயமாகவே தோற்றுவிடாதா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதே சீமையிலுள்ள வேடந்தாங்கல் அதற்கு விடை சொல்கிறது.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அவ்வூர்க் குடியானவர்கள் கண்டார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் பெற்றார்கள். அது 1858-இல் மீண்டும் உறுதியாயிற்று. அவர்களும் கணக்குப் பார்த்தவர்களே. ஆனால் பறவை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசவில்லை. காப்பாற்றவே கணக்குப் பார்த்தார்கள். கணக்கிட்டவனும் அந்த நீரில் விளைந்ததை உண்டவனும் ஒருவனே. ஆகவே கணக்கு பொய்க்கவில்லை.

இன்றோ லாபம் ஓரிடத்திலும் நஷ்டம் வேறிடத்திலும் விழுகின்றன. ஆலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆலையால் உலை ஏறிய வீடுகள் பல. ஆயினும் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியதே! கடல் கடந்து எடுக்கும் ஒரு முடிவு ஆலையை மூடிவிடும். மனம் மாறினால் திறக்கவும் செய்யும். தூர்த்த ஏரியை, வரத்துக்கால் அழிந்த ஏரியை, எந்த முடிவு திறக்கும்?

எனவே கணக்கிடுங்கள். ஏரிக்குக் கீழே குடியிருக்கிறவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கிடுங்கள். திரும்பப் பெற முடியாததை விற்பனைப் பத்தியில் மட்டும் எழுதாதீர்கள்.