ஆணியின் அசைவும் பூட்டின் உறுதியும்

செஞ்சியில் ராஜகிரியின் அடிவாரத்தில் அமர்ந்து, கொய்யாப்பழம் அரிவதற்காக என் பழைய மடக்குக் கத்தியை விரித்தபோது, அதன் அலகு ஆணியைச் சுற்றி இடமும் வலமும் மெல்ல அசைவதைக் கண்டு, இதைத் தோஷம் என்பதா, சுபாவம் என்பதா என்று வெகுநேரம் சிந்தித்திருந்தேன். ஆணியை முற்றும் இறுக்கினால் அலகு திரும்பாது. திரும்ப வேண்டுமாயின் மயிரிழை இடைவெளியேனும் இருந்தே தீரவேண்டும். கதவின் குடுமி சுழலும் கற்குழிக்கும் இதே நியதிதான்.

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. அவர்களுடைய ஸ்யாத்வாதம் எந்த வாக்கியத்துக்கும் முன்னால் 'ஸ்யாத்', அதாவது 'ஒருவகையில்', என்ற பதத்தைச் சேர்க்கச் சொல்வது, சத்தியத்தின் ஆணியில் விடப்பட்ட அந்த மயிரிழையே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதே சமணம் விரதத்தில் இம்மியும் அசைவதில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டு அதற்குச் சாட்சி. வாதத்தில் இத்தனை நெகிழ்வும் நோன்பில் இத்தனை இறுக்கமும் ஒரே நெஞ்சில் எங்ஙனம் பொருந்தும்?

கத்தியை மறுபடியும் பார்த்தேன். பக்கவாட்டு ஆட்டம் ஆணியைச் சேர்ந்தது. அடங்காவிடினும் பழம் அரியலாம். மேலும் கீழுமான ஆட்டமோ பூட்டைச் சேர்ந்தது. அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கும் வில் தேய்ந்துபோனால், அழுத்தும் வேளையில் அலகு மடங்கி, பிடித்த விரலையே வெட்டிவிடும். (என் ஆள்காட்டி விரலில் அப்படியொரு வடு உண்டு, அது வேறொரு கத்தி.) ஸ்யாத்தை வாதத்தின் ஆணியில் வைத்த சமணர்கள் அதை நோன்பின் பூட்டில் வைக்கவில்லை.

பூட்டை அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. கொய்யாவை நான்காக அரிந்தேன்.