மலிவு என்பது குறையா?

கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் "சீப்பாக ஏதும் உண்டா?" என்று கேட்கிறார். அவரே மற்றொரு சரக்கை ஒதுக்கித் தள்ளி, "இது சீப் சாமான்" என்கிறார். ஒரே சொல் ஆசையாகவும் ஏளனமாகவும் வருவது ஏன்?

இச்சொல் வியாபாரிகளாகிய நம் தொழிலிலே பிறந்தது. சிறு வணிகனைக் குறித்த லத்தீன் சொல்லொன்றிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்தபோது, கொடுக்கல் வாங்கல் என்பதே இதன் அர்த்தம். லண்டனின் சீப்சைடு வீதி பழைய சந்தையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 'நல்ல சீப்' என்றால் நல்ல பேரம். 16ஆம் நூற்றாண்டில் 'நல்ல' உதிர்ந்து, 'சீப்' மட்டும் நின்று குறைந்த விலையைக் குறித்தது. பிறகு அற்பம் என்ற பொருளும் ஏறிக்கொண்டது. 'நல்ல' போயிற்று, பின்னாலேயே மதிப்பும் போயிற்று!

தமிழிலோ மலிதல் என்றால் நிறைதல். சரக்கு மலிந்தால் விலை இறங்கும், அதுவே மலிவு. மலாய்க்காரர் குறைந்த விலையை 'மூரா' என்பர்; தாராள குணத்தையும் 'மூரா ஹாத்தி' என்பர். ஜாசின் கடைத்தெருவில் "மூரா சிக்கிட்" என்று கேட்கும் மலாய்ப் பெண்மணி, அறியாமலே நம் மனத்தையும் விசாரிக்கிறார்.

ஆகவே, மலிவு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. கொள்முதல் திறமையாலோ, நம் லாபத்தைக் குறைத்துக்கொள்வதாலோ வந்தால் அது தாராளம். நிறுவையில் குறைத்தோ, பழுதை மறைத்தோ, கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடித்தோ வந்தால், அந்த மலிவுக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார்.

"அடுத்த கடைக்காரர் இறக்கி விற்கிறாரே, நான் பிழைப்பதெப்படி?" என்று கேட்கலாம். நியாயமான கவலைதான். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

பழைய சரக்கை விலை இறக்கி விற்பது தவறன்று. "பழையது, அதனால் குறைவு" என்று சொல்லி விற்போம். விற்பனை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது. உதிர்ந்த 'நல்ல' என்ற சொல்லை நம் கடைகளில் மீண்டும் சேர்த்துவைப்போமாக. வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.